ஈரப்புகாருக்குள் போன றெக்ஸ்

ஒரு சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன், குளிர்நாட்டு லொங்குய் நகரில் இருக்கும் தன் அண்ணன் வீட்டு நிலக்கீழ் அறைக்குள் இறங்கிய றெக்ஸ், அங்கே வழிதவறித் தொலைந்துபோனான். இரண்டு கட்டிலும் ஓர் அலுமாரியும் வைத்தால் நிறைந்துவிடும் அறை அது.

அண்ணன் எமிலியானுஸ் துறைமுகத்தில் கொள்கலன் லொறி ஓட்டுபவர். அந்தத் தனிவீட்டை வாங்கிய காலத்திலிருந்தே கீழறைச் சுவர்கள் வியர்த்துக்கொண்டிருந்தன. பனி உருகும் மாதங்களில் வடக்குச் சுவரில் விரலால் பெயர் எழுதலாம். பழைய சூட்கேசுகளையும் நத்தார்ப் பண்டிகை மரத்தையும் போட்டு வைத்துப் பல வருடங்கள் சமாளித்தார்கள். மகள் ஜெயனியின் புருஷன் வடக்கே சுரங்க வேலைக்குப் போக, அவள் வயிற்றில் பிள்ளையோடு தாய்வீட்டுக்கு வந்தபோதுதான் அந்த அறையை ஒழுங்காகக் கட்டி முடிக்க வேண்டிவந்தது. வீட்டு வேலைகள் செய்து பழகிய றெக்ஸ், வெளியே மண்ணைத் தோண்டி அத்திவாரத்தைச் சுற்றி வடிகால் குழாய் போடாமல் சுவரை மூடக் கூடாது என்றான். மண் உறைந்து கிடக்கு, வசந்தம் வரட்டும் என்றான். "அதுக்குள்ள பிள்ளை பிறந்திடும்," என்று சொல்லிவிட்டு எமிலியானுஸ் தானே மரச்சட்டம் அடித்து, குளிர் தடுக்கும் கண்ணாடிநார்ப் பஞ்சு திணித்து, பிளாஸ்ரிக் தாள் இழுத்து, ஜிப்சம் பலகைகளால் நான்கு சுவரையும் மூடி வெள்ளை பூசினார். தம்பி அந்தப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டான்.

வெளியேற வழியில்லாத ஈரம் மூடுபனி போன்ற புகாராய் எழும்பியது. முதலில் கணுக்காலளவு, பிறகு முழங்காலளவு, கடைசியில் மேற்கூரை வரை. எமிலியானுஸ் கதவைச் சாத்தி வைத்துக்கொண்டு ஒருவருக்கும் மூச்சுவிடவில்லை. ஜெயனிதான் சித்தப்பாவுக்குத் தொலைபேசி எடுத்தாள். வந்த றெக்ஸ் அண்ணனோடு முகம் கொடுத்துப் பேசாமல், "ஒருக்காப் பாத்திட்டு வாறன்," என்று படியிறங்கினான். எமிலியானுஸின் மனைவி சிசிலி சோறு போட்டுவிட்டுக் கூப்பிட்டாள். "வாறன், மச்சாள்!" என்ற பதில் தெருவின் அந்தக் கரையிலிருந்து வருவதுபோல் வந்தது. அடுத்தமுறை அது இன்னும் தள்ளிப்போயிருந்தது.

தீயணைப்புப் படையினர் வந்தார்கள். வரிசையாக இறங்கி நேரே முன்னோக்கி நடந்தவர்கள், இறங்கிய படியாலேயே ஏறி வந்தார்கள். காற்றோட்டம் போதாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சிசிலி, திசை தவறாமலிருக்கட்டும் என்று மேற்படியில் நின்று அவன் பெயரை விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். பொழுது சாயும்போது உள்ளேயிருந்து குரல் கேட்டது. "அண்ணை, இஞ்ச சுவரே இல்லை. நடந்துகொண்டே இருக்கிறன். குளிருது." எமிலியானுஸ் கொள்கலன் கட்டும் பட்டிகளை ஒன்றோடொன்று முடிந்து இடுப்பில் கட்டிக்கொண்டு போனார். பட்டிகள் முடிந்த இடத்திலும் புகார்தான் இருந்தது. தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டத் திரும்பி வந்தார்.

ஞாயிறு காலையில் றெக்ஸின் குரல் காது கொடுத்துக் கேட்டால்தான் கேட்கும் அளவுக்கு மெலிந்திருந்தது.

"பலகையளைக் கழட்டுங்கோ," என்றாள் சிசிலி.

"எல்லாம் முடிச்ச வேலையப்பா. பிள்ளை எங்க கிடக்கும்?"

"உங்கட தம்பி எங்க கிடக்கிறான்?"

எமிலியானுஸ் எழும்பினார். கராஜுக்குப் போய் இரும்பு அலவாங்கை எடுத்து வந்து, படியோரச் சுவரைக் கையால் தடவிப் பிடித்து முதல் பலகையைப் பெயர்த்தார். அந்தப் பலகையின் அகலத்துக்குப் புகார் பின்வாங்கியது. அடுத்ததைப் பெயர்த்தார். பூசிய வெள்ளை கண்ணில் விழுந்தது, பஞ்சு தொண்டையை அறுத்தது. "நீ தூக்காதை," என்று தாய் கத்தக் கத்த ஜெயனி நிறைவயிற்றோடு உடைந்த பலகைகளை மேலே இழுத்துப் போட்டாள். இடையில் ஒருமுறை குரல் அடியோடு நின்றுபோனது. அப்போது எமிலியானுஸ் அலவாங்கை எறிந்துவிட்டு வெறுங்கையால் பிய்க்கத் தொடங்கினார், நகம் கிழிந்து இரத்தம் வழிய. வடக்குச் சுவரின் கடைசிப் பலகை விழுந்தபோது அதன் அடியில் றெக்ஸ் குந்தியிருந்தான். தலைமயிர் தோளைத் தாண்டியிருந்தது. தாடி நெஞ்சில் கிடந்தது. சப்பாத்தின் அடி தேய்ந்து விரல்கள் தெரிந்தன. அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு அவன் முதலில் கேட்டது, "பிள்ளைக்கு இப்ப எத்தினை வயசு?" என்பதுதான்.

"இன்னும் பிறக்கேல்லையடா," என்று சொல்லி எமிலியானுஸ் அவன் தோளில் விழுந்து அழுதார்.

"அப்ப, நான் உள்ளுக்குள்ள கேட்ட சிரிப்பு ஆரின்ரை?" என்றான் றெக்ஸ். "பெட்டைப் பிள்ளையின்ரை சிரிப்பு."

பெட்டைதான் பிறந்தாள். வசந்தத்தில் அண்ணனும் தம்பியும் வெளியே தோண்டிக் குழாய் போட்டார்கள். மூன்று சுவர்கள் காய்ந்தன, அவற்றைத் திரும்பவும் மூடினார்கள். வடக்குச் சுவர் காயவில்லை. அதை அப்படியே விட்டார்கள். அதன் முன்னால் புகார் ஒரு பாய் அகலத்துக்கு நிற்கிறது. இப்போது அந்தப் பிள்ளைக்கு நடக்கவும் கதைக்கவும் தெரியும், பின்னேரங்களில் அதற்குள் போய் விளையாடுகிறாள். சாப்பாட்டு நேரத்தில் ஜெயனி கூப்பிட, எங்கோ வெகுதொலைவிலிருந்து "வாறன்" என்று பதில் வரும். ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிட வரும் றெக்ஸ் காதைச் சரித்துக் கேட்டு, "கிட்டத்தான் நிக்கிறாள்," என்பான். சிசிலி அவளுடைய சாப்பாட்டுக் கோப்பையில் சோற்றைப் போடுவாள்.