கவர்னர் வீட்டுப் பொன்

ஸ்காபரோவின் ரூஜ் பகுதித் தமிழருக்குள் ஒரு கலியாணம் சரிவந்துவிட்டது என்றால் சனம் முதலில் கேட்பது திகதியை அல்ல. "ஆர் ஆக்கள்?" என்பதைத்தான், அதாவது என்ன சாதி, என்ன குடி என்று. புனிதவதியும் அந்தக் கேள்வியைப் பிறர் வீட்டுக் கலியாணங்களில் தாராளமாகக் கேட்டு வந்தவள்தான். ஆகவே மகள் கஜனி, தான் லூக்காஸ் என்ற வெள்ளைக்காரப் பொடியனைத்தான் கட்டப்போவதாகச் சொன்னபோது அவளுக்கு வந்த அழுகை பொடியனை நினைத்து வந்ததல்ல. எதிர்வீட்டுத் தவமலரக்காவை நினைத்து வந்தது.

தவமலரக்கா அடுத்த வெள்ளிக்கிழமையே கோயில் கார் பார்க்கில் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"புனிதம், பிள்ளைக்குச் சரிவந்திட்டுதாம், நல்ல சந்தோசம். ஆர் ஆக்கள்?"

"ஜேர்மன் ஆக்கள் அக்கா."

"அது தெரியும். ஜேர்மனிக்குள்ளை ஆர் ஆக்கள்?"

வெள்ளைக்காரருக்குள்ளும் இதெல்லாம் விசாரிக்க வேண்டியிருக்கும் என்று புனிதவதி யோசிக்கவில்லை. தவமலரக்கா அந்த மௌனத்தை அப்படியே பொட்டலம் கட்டிக்கொண்டு போனாள். பின்னேரத்துக்கிடையில் அது ஸ்காபரோ முழுக்கப் பங்கிடப்பட்டுவிட்டது.

இந்த நிலையில்தான் புனிதவதியும் கணவர் பத்மநாதனும் சம்பந்தி வீட்டுக்கு முதல் தடவையாகப் போனார்கள். லூக்காஸின் தாய் ஹெல்கா யூனியன்வில்லில் ஒரு பழைய வீட்டில் இருந்தாள். கணவனை இழந்தவள், அதிகம் பேசாதவள், கேக் மட்டும் நன்றாகச் செய்பவள். மேல்மாடிக் குளியலறையில் ஏதோ திருத்தவேலை நடந்ததால் புனிதவதியைக் கீழே பேஸ்மென்றுக்குப் போகச் சொன்னாள். அங்கேதான், உடுப்புத் தோய்க்கும் மெசினுக்கு மேலே, அந்தப் படம் தொங்கியது.

படத்தில் இருந்தவருக்கு மீசையின் இரண்டு நுனியும் காதை எட்டிப் பிடிக்கப் பார்த்தன. நெஞ்சில் தொடங்கிய பதக்கங்கள் வயிற்றில் வந்து முடிந்தன. இடுப்பில் வாள். ஒரு சப்பாத்துக் கால், செத்த சிறுத்தை ஒன்றின் தலைமேல்.

"இது ஆர்?" என்று மேலே வந்து கேட்டாள் புனிதவதி.

"என் கணவருடைய பூட்டன்," என்றாள் ஹெல்கா. "ஆபிரிக்காவில் கவர்னராக இருந்தவர். நல்ல மனிதர் இல்லை."

கவர்னர் என்ற சொல்லுக்குப் பிறகு சொன்ன எதுவும் புனிதவதியின் காதில் ஏறவில்லை. திரும்பி வரும்போது காருக்குள் அவளால் இருப்புக்கொள்ள முடியவில்லை.

"கவர்னரப்பா! கொண்டுபோய் வோஷிங் மெசினுக்கு மேலை கொழுவியிருக்கினம். எங்கடை ஆக்களெண்டால் மாலை போட்டு, லைற் போட்டு, வாசலிலையெல்லோ வைச்சிருப்பம்."

"அந்த மனிசி, ஆள் நல்லவரில்லை எண்டெல்லோ சொன்னது?"

"உங்கடை பெரியப்பாவும்தான் நல்லவரில்லை. நாங்கள் படம் கொழுவேல்லையே?"

பத்மநாதன் றோட்டைப் பார்த்துக் காரை ஓட்டினார்.

அன்றிலிருந்து புனிதவதி ஃபோனும் கையுமாக இருந்தாள். ஓட்டோ ஃபொன் கிறால்ஸ் என்ற அந்தக் கவர்னரைப் பற்றி, யாரோ ஒரு கிழட்டு அபிமானி இணையத்தில் நீளமாக எழுதிவைத்திருந்தான். ஃபோன் அதைத் தமிழாக்கிக் கொடுத்தது. வனாந்தரத்தைக் கடந்தார், ஆற்றைக் கண்டுபிடித்தார், மலை ஏறினார், நாடு ஆண்டார், சக்கரவர்த்தியிடம் பதக்கம் வாங்கினார். இந்த ஐந்தையும் புனிதவதி பாடமாக்கி, கோயிலிலும் மரக்கறிக் கடையிலும் பிறந்தநாள் விழாக்களிலும் ஒப்புவித்தாள். தவமலரக்காவுக்கு மட்டும் இரண்டு தரம்.

அவள் பெருவிரலால் வேகமாகத் தள்ளிவிட்ட பந்திகளும் அங்கே இருந்தன. இந்த மகான் நொடிந்துபோன ஒரு பண்ணைவீட்டின் மூன்றாவது மகன். படிப்பு ஏறவில்லை. இராணுவப் பள்ளிச் சோதனையில் கோட்டை விட்டவர். வீட்டில் வைத்திருந்தால் சோற்றுக்குக் கேடு என்று ஆபிரிக்காவுக்கு ஏற்றிவிட்டார்கள். அங்கே அவர் ஆராய்ச்சிப் பயணி ஆனார். பயணம் என்றால் நடந்த பயணம் என்று நினைக்கக்கூடாது. நாலு பேர் தடியில் தூளி கட்டித் தூக்க, இவர் அதற்குள் படுத்திருந்தபடி ஆராய்ந்தார். ஒருநாள் தூளியை ஓர் ஆற்றங்கரையில் இறக்கினார்கள். சனம் அந்த ஆற்றில் குளித்துக்கொண்டும் சட்டிபானை கழுவிக்கொண்டும் நின்றது. இவர் தூளிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். பார்த்த கையோடு ஆற்றைத் தாம் கண்டுபிடித்துவிட்டதாக ஊருக்கு எழுதி, அதற்குத் தம் சித்தியின் பெயரையும் வைத்தார். சித்திக்குப் பிள்ளை இல்லை, காணி இருந்தது. அந்த மனுசி காணியைத் தேவாலயத்துக்கு எழுதிவிட்டுக் கண்ணை மூடினாள். அதுதான் அவருடைய முதல் பெரிய தோல்வி.

பிறகு கவர்னர் ஆனார். குடிசைக்கு வரி போட்டார். வரி கட்டாத ஊர்களைத் தெருப்போட இழுத்தார். தெருப்போட வராத ஊர்களுக்கு நெருப்பு வைத்தார். எரித்த ஊர்களின் பெயர் ஒன்றாவது அவருக்கு நினைவில் நின்றதாகத் தெரியவில்லை. தாம் பிடித்துக் குத்திவைத்த வண்ணத்துப்பூச்சிகளின் பெயர்கள் மட்டும் இலத்தீனில் மனப்பாடம். சாட்டையடிக் கதைகள் நாறத் தொடங்கியதும் அவரைத் திருப்பி அழைத்தார்கள், முழுப் பென்சனோடு. கடைசியில் வெந்நீர்க் குளியலுக்குப் போன இடத்தில் வாத்துப் பொரியலை அளவுக்கு மிஞ்சித் தின்று செமிக்காமல் செத்தார். பதக்கங்களோடு புதைத்தார்கள்.

இதெல்லாம் புனிதவதிக்கு வேண்டாத விபரம். அவளுக்கு வேண்டியது ஒன்றுதான்: தவமலரக்கா இனி வாய் திறக்கக்கூடாது. அதற்குப் படமும் கதையும் போதாது, கையில் தொட்டுப் பார்க்கக்கூடிய ஒரு சாமான் வேண்டும் என்று அவளுக்குப் பட்டது. தாலிக்கான பொன் மாப்பிள்ளை வீட்டிலிருந்துதான் வரவேண்டும். கலியாணத்துக்கு முன் ஒரு நல்லநாளில் உறவினர் கூடி அந்தப் பொன்னை உருக்குவதுதான் பொன்னுருக்கல். கவர்னர் வீட்டுப் பொன்னிலே கஜனியின் தாலி! ரூஜில் எவளுடைய மகளுக்கு அப்படி வாய்த்தது?

ஹெல்கா பாங்கில் ஒரு தங்கக்காசு வாங்குவதாகச் சொன்னாள். புனிதவதி கையை விசுக்கி மறுத்தாள். பழைய பொன்தான் வேண்டும், குடும்பப் பொன்.

"அப்படியானவை என் கணவரின் தமையன் வால்ட்டரிடம் இருக்கின்றன," என்றாள் ஹெல்கா. "நான் அவரிடம் கேட்கமாட்டேன்."

லூக்காஸ், "அன்ரி, ப்ளீஸ், அது வேண்டாம்," என்றான்.

"தம்பி, உங்களுக்கு உங்கடை அருமை தெரியேல்லை," என்றுவிட்டு, கிச்சினர் நகரில் இருந்த வால்ட்டருக்குப் புனிதவதி தானே ஃபோன் எடுத்தாள். கிழவன் பூரித்துப்போனான். அவனுடைய பூட்டனை மரியாதையாக விசாரித்து வந்த முதல் அழைப்பு அது.

பொன்னுருக்கல் ஹெல்கா வீட்டு ஹோலில் நடந்தது. மணப்பெண் அங்கே வருவது முறையில்லை. "அம்மா, ஐ ஆம் கமிங்," என்றாள் கஜனி, வந்தாள். மாப்பிள்ளை பக்கத்தில் மூன்று பேர், பெண் பக்கத்தில் ஹோல் நிறைந்த சனம். புனிதவதி கவர்னர் படத்தைப் பெரிதாக அச்சடித்துக் கொண்டுவந்து மேசையில் வைத்து, மாலை போட்டு, நெற்றியில் சந்தனமும் அப்பிவிட்டிருந்தாள். பக்கத்தில் குத்துவிளக்கு. லூக்காஸ் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. நகைக்கடையிலிருந்து வந்த பத்தர் உமியைக் கொட்டி, நடுவில் பொன் உருக்கும் சின்ன மண்குகையை வைத்து, காஸ் சுவாலையைப் பற்றவைத்தார். உடனே வீட்டு ஸ்மோக் அலாம் அலறியது. பத்மநாதன் கதிரையில் ஏறி நின்று அதற்குச் சால்வையால் விசுக்கினார்.

"கவர்னர் மாளிகையிலை உப்பிடித்தான் சங்கு ஊதுறவையாக்கும்," என்றாள் தவமலரக்கா, எல்லோருக்கும் கேட்கும்படி.

புனிதவதி சிரித்தாள். அன்றைக்கு அவளால் சிரிக்க முடிந்தது. வால்ட்டர் வந்துவிட்டிருந்தான்.

அவன் ஒரு வெல்வெட் பெட்டியைத் திறந்து, முறுக்கு வைத்த தடித்த காப்பு ஒன்றை எடுத்தான். ஹோலில் ஒரு பெருமூச்சு எழும்பி அடங்கியது. தவமலரக்காகூடக் கழுத்தை நீட்டினாள். அந்தக் கழுத்து நீண்டதைப் பார்க்கத்தான் புனிதவதி இத்தனை நாள் பாடுபட்டாள்.

"இதற்கு ஒரு கதை உண்டு," என்று ஆங்கிலத்தில் தொடங்கினான் வால்ட்டர். "ஒரு ஊர் வரி கட்டவில்லை. என் பூட்டன் நேரிலே போனார். ஊர்த்தலைவனின் மனைவி கையில் இது கிடந்தது. சின்ன வயதிலே போட்டதாம், கழலவில்லை. சிப்பாய்கள் பனை எண்ணெய் பூசி இழுத்துப் பார்த்தார்கள். வரவில்லை. பூட்டனுக்கு மத்தியானச் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. சுணங்காமல் முடியுங்கள் என்று சொல்லிவிட்டார்."

"பிறகு?" என்று கேட்டாள் கஜனி.

"பிறகென்ன, காப்பு வந்தது." வால்ட்டர் அதைச் சுவாலைக்கு நேரே பிடித்துத் திருப்பினான். "பாருங்கள், ஒரு கீறல்கூட இல்லை." சொல்லிவிட்டுச் சிரித்தான். எத்தனையோ விருந்துகளில் சொல்லிப் பழகிய கதை. அந்த இடத்தில் கேட்பவர்கள் சிரிப்பது வழக்கமாக்கும். அதற்காகக் கொஞ்சம் பொறுத்தும் பார்த்தான்.

"என்னவாம்? என்ன சொல்லுறார்?" என்று பின்வரிசைப் பெண்கள் கேட்டார்கள்.

கஜனி தாயைப் பார்த்தாள். "அம்மா சொல்லுவா," என்றாள்.

புனிதவதிக்கு வேறு வழிகளும் இருந்தன. எண்ணெய் பூசினார்கள் என்பதோடு நிற்பாட்டலாம். அன்பளிப்பாம் என்றும் சொல்லலாம். வால்ட்டருக்கா தமிழ் தெரியும்? தவமலரக்காவின் கழுத்து இன்னும் நீண்டபடிதான் இருந்தது.

"ஒரு மனிசியின்ரை கையை வெட்டி எடுத்த காப்பாம்," என்றாள்.

அங்கே இருந்த பெண்கள் எல்லோரும் ஊரில் யுத்தம் நடந்த ஏதோ ஒரு வருடத்தில், ஏதோ ஒரு சந்தியில், துவக்கோடு நின்ற எவனோ ஒருவன் முன்னால் தோட்டையோ சங்கிலியையோ கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தவர்கள். தவமலரக்காவின் காப்பு சவர்க்காரம் போட்டுத்தான் கழன்றது. அது ரூஜ் முழுக்கத் தெரிந்த கதை. அவள் இப்போது தன் மணிக்கட்டை மற்றக் கையால் பிடித்துக்கொண்டிருந்தாள். புனிதவதியும் அப்படித்தான் பிடித்துக்கொண்டிருந்தாள். எப்போது பிடித்தாள் என்று அவளுக்கே தெரியாது.

"அன்ரி, நேரம் போகுது," என்றார் பத்தர். "ராகுகாலம் வரப்போகுது. பொன்னைத் தாங்கோ."

வால்ட்டர் காப்பை நீட்டினான். புனிதவதி வாங்கவில்லை.

"உங்கடை பூட்டன் கவர்னர் எண்டுதான் நான் ஊரெல்லாம் சொன்னனான்," என்றாள் ஆங்கிலத்தில், உடைத்து உடைத்து. "கள்ளன் எண்டு ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை."

"நான் சொன்னேன்," என்றாள் ஹெல்கா மெதுவாக.

வால்ட்டரின் முகம் பீற்றூட் ஆனது. இந்தச் சனத்துக்கு வரலாற்றுப் பெறுமதி தெரியாது என்று முணுமுணுத்தபடி பெட்டியை மூடினான். போகிற வழியில் வடைத்தட்டில் கை வைக்க மறக்கவில்லை. பூட்டனின் வயிறு அவனுக்கும் இருந்தது. லூக்காஸ் பின்னாலே போய் வாசலில் வைத்து அந்தக் காப்பைத் தன்னிடம் தரும்படி கேட்டான், உரியவர்களைத் தேடிக் கொடுக்க என்று. வால்ட்டர் கொடுக்கவில்லை. காரை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

இப்போது உருக்கப் பொன் இல்லை. பத்மநாதன் கதிரையிலிருந்து இறங்கித் தன் சங்கிலியில் கை வைத்தார்.

"பெண் வீட்டுப் பொன்னிலை தாலியோ?" என்றாள் தவமலரக்கா. மணிக்கட்டை விட்டுவிட்டாள், பழைய தவமலரக்கா திரும்பி வந்துவிட்டாள்.

ஹெல்கா குசினிக்குள் போனாள். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. விரலெல்லாம் நுரையோடு வந்து ஒரு மோதிரத்தைப் புனிதவதியிடம் நீட்டினாள்.

"இது கவர்னருடையது இல்லை. என் கணவர் வாங்கியது. அவர் தபால்காரராக இருந்தவர். ஓவர்டைம் செய்து வாங்கினார்."

தபால்காரர் என்பது ஹோலின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் காதோடு காதாகப் போயிற்று. அதைப் புனிதவதி பொறுத்துக்கொண்டிருப்பாள். அடுத்ததுதான் அவளை உலுக்கியது. தவமலரக்கா அவள் தோளில் கை வைத்து, உண்மையான கரிசனையோடுதான், காதுக்குள் சொன்னாள்: "புனிதம், மனிசன் செத்த மோதிரமடி. தாலிக்கு ஆகாது. பிள்ளையின்ரை வாழ்வை யோசி."

புனிதவதி யோசித்தாள். நாள் பார்க்காமல் நகம்கூட வெட்டாதவள் அவள். வேறு எந்தக் கலியாணமாக இருந்திருந்தால் இந்தச் சொல்லை அவள்தான் முதலில் சொல்லியிருப்பாள். கஜனியைப் பார்த்தாள். கஜனி ஹெல்காவின் வெறும் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த விரலில் மோதிரம் கிடந்த இடம் வெள்ளையாய்த் தெரிந்தது.

புனிதவதி மோதிரத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்து, பத்தரிடம் கொடுக்காமல், தானே மண்குகைக்குள் போட்டாள். "உருக்குங்கோ," என்றாள்.

பத்தர் சுவாலையைத் திருப்பினார். மோதிரம் சிவந்து, நெளிந்து, ஒரு மணியளவு உருண்டையாகித் துடித்தது. அவர் அதைக் குளிரவைத்து, வெற்றிலையில் வைத்துத் தட்டில் ஏற்றினார். அந்தத் தட்டைச் சுமங்கலிப் பெண்கள் ஒவ்வொருவராகத் தொட்டு வாழ்த்த வேண்டும். ஒருத்தரும் எழும்பவில்லை. எல்லோருடைய கண்ணும் தவமலரக்காவில் நின்றது. அவள் தொட்டால் தொடலாம், விட்டால் விடலாம்.

புனிதவதி தட்டை எடுத்துக்கொண்டு நேரே அவளிடம் போனாள்.

"தொடுங்கோ அக்கா. சூடு ஆறியிட்டுது."

தவமலரக்கா தட்டைப் பார்த்தாள். புனிதவதியைப் பார்த்தாள். தட்டு நகர்வதாகத் தெரியவில்லை. கடைசியில் சுண்டுவிரல் நுனியால், மிளகாய்த்தூளைத் தொடுவதுபோல ஒரு தொடுகை தொட்டாள். பிறகு கதிரைக்குக் கீழே, ஒருவருக்கும் தெரியாது என்ற நினைப்பில், விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

புனிதவதி பார்த்தாள். தட்டை அடுத்தவளிடம் நீட்டினாள்.