ஊருக்குத் தண்ணீர் நிறுத்தியவள்

சோதனைக் குழாயில் மாத்திரையைப் போட்டால் தண்ணீர் ரோஸ் நிறமாக வேண்டும். வந்தால் குளோரின் இருக்கிறது, ஊர் குடிக்கலாம். காலையிலிருந்து ஆபரேட்டர் போட்டுப் போட்டுப் பார்க்கிறார், தண்ணீரோ கல்லுளிமங்கன் மாதிரி அப்படியே நிற்கிறது. குளோரினைக் கூட்டினார். நிறமில்லை. இன்னும் கூட்டினார்.

சுத்திகரிப்பு நிலையத்தின் புது கெமிஸ்ட் வந்ததும் புலம்பினார். "எவ்வளவு கொட்டினாலும் எங்க போகுதுன்னே தெரியலம்மா."

அவளும் ஒரு மாத்திரையைப் போட்டாள். கண் சிமிட்டும் நேரம் ரோஸ் தலைகாட்டிவிட்டு ஓடி ஒளிந்தது. மனப்பாடம் செய்து தொலைத்த பாடம் கண்ணெதிரே நடக்கிறது! குளோரின் எக்கச்சக்கமாகிவிட்டால் அந்த நிறத்தையே தின்றுவிடும்.

"அண்ணே, குளோரினை நிறுத்துங்க! ஊருக்குப் போற வால்வை மூடணும்."

"ஜனமெல்லாம் பல்லு விளக்கிட்டிருக்கும்மா!"

"பல்லோட குடலும் வெளுத்துடும்!"

"நெடி எதுவும் அடிக்கலையே?"

"தினமும் இந்த நெடியிலேயே நின்னா யாருக்கு மூக்கு வேலை செய்யும்?"

சத்தம் கேட்டு இன்ஜினியர் வந்தார். "நிறம் வரலேன்னா குளோரின் இல்லை. இதுகூடத் தெரியாதா? உன்னை நிரந்தரம் பண்ணச் சொல்லி இன்னிக்குத்தான் மேல பேசறதா இருந்தேன். வால்வைத் தொட்ட, நாளையிலேருந்து வராதே."

அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். வேலை நிரந்தரமாகிவிட்டதாக அம்மா தெரு முழுக்க ஏற்கெனவே அளந்துவிட்டிருந்தாள். கெமிஸ்டுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஓடிப்போய் வால்வுச் சக்கரத்தில் தொங்கினாள். அது அசையவில்லை. "அண்ணே, வேடிக்கை பார்க்கவா சம்பளம்?" ஆபரேட்டரும் வந்து பிடித்தார். ஊருக்குப் போகும் தண்ணீர் நின்றது.

உடனே கைபேசி அலறியது. அம்மா.

"ஏண்டி, தலை முழுக்க நுரைடி! எந்தக் கட்டையில போறவன் தண்ணிய நிறுத்தினான்?"

"நான்தாம்மா."

"அடிப்பாவி!"

"நேத்து பிடிச்ச தண்ணிய ஊத்திக்கோ. இன்னிக்கு வந்ததை யாரும் குடிக்க வேணாம்னு தெருவுல போய்க் கத்து."

"நுரையோடயா?"

"நுரையோடயே ஓடு!"

சிரிப்பை அடக்கிக்கொண்டு, இன்ஜினியரின் கண்ணெதிரே அதே தண்ணீரில் ஒரு சொட்டை நிறைய சுத்த நீரில் கலந்து மாத்திரையைப் போட்டாள். பளீரென்று ரோஸ். போகவே இல்லை.

"ஒரு சொட்டுக்கே இவ்வளவு சார்."

இன்ஜினியர் வாயைத் திறப்பதற்குள் மேசைத் தொலைபேசி அடித்தது. நகராட்சித் தலைவர். இன்ஜினியர் விறைப்பாக நின்றுகொண்டு, "ஆமாங்க ஐயா, ஆபத்துன்னு தெரிஞ்சதும் நான்தான் உடனே மூடச் சொன்னேன்," என்றார்.

அவள் ரிசீவரைப் பிடுங்கினாள். "ஐயா, மூடினது நான். உடனே ஒலிபெருக்கி வெச்சு, இன்னிக்கு வந்த தண்ணியக் குடிக்க வேணாம்னு சொல்லுங்க. குழாயெல்லாம் அலசி, நான் சோதிச்சு, சரின்னு சொன்னாத்தான் திறக்கணும்."

"நீ யாரும்மா?"

அவள் ரிசீவரை இன்ஜினியரிடமே நீட்டினாள். "நான் யாருன்னு கேக்கறாரு. சொல்லுங்க சார்."

ஆபரேட்டர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். இன்ஜினியர் ரிசீவரை வாங்கினார்.

"நம்ம நிரந்தர கெமிஸ்டுங்க ஐயா."