பிள்ளையார் பக்கத்துக்குப் போகிற வழி

வெள்ளிக்கிழமை, பத்து மணி எட்டு நிமிடம். பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் நல்லசிவத்தின் பட்டுக்கடை இன்டர்நெட்டில் திறந்தாக வேண்டும். இல்லையென்றால், இன்னும் வேலை நிரந்தரமாகாத ஹம்சினி திங்கட்கிழமை வரவே வேண்டாம் என்று மேலாளர் வேதாந்தம் மாடிப்படியிலேயே சொல்லிவிட்டார்.

தி.நகர்க் கடையின் இரண்டாவது மாடியில் இரண்டு கம்ப்யூட்டர்கள். ஒன்று ஹம்சினியுடையது; கடைக்காக அவள் ஜாவா மொழியில் எழுதிய நிரல் அதில்தான் ஓடியது. மற்றது முதலாளியின் புதுசு. சந்தனம் தடவி, மல்லிகை சுற்றியிருந்தது. ஹம்சினியின் திரையில் புடவைகள் வந்தன. முதலாளியின் திரையில் வெறும் வெள்ளை.

வேதாந்தம் நியூ ஜெர்சியில் ஏழு மாதம் இருந்தவர். அதை ஏழு வருடமாகச் செலவழித்துவருகிறார். விசிட்டிங் கார்டில் ‘தலைமை வடிவமைப்பாளர்’ என்று போட்டிருந்தார். கேபிள்தான் கோளாறு என்று தீர்ப்பளித்தார். கேபிளை மாற்றினார்கள். வெள்ளை. பூஜைக்கு வந்திருந்த சாஸ்திரிகள் கற்பூரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார்.

கடைக்கு வருகிறவர் வாசல் பிள்ளையாரைக் கும்பிட்டுத்தான் உள்ளே வர வேண்டும், இன்டர்நெட்டிலும் அப்படியே என்பது நல்லசிவத்தின் கண்டிப்பு. ஆகவே எந்தப் பக்கத்தைக் கேட்டாலும் நிரல் முதலில் பிள்ளையார் பக்கத்துக்குத் திருப்பி அனுப்பும். தரிசனம் ஆனதும் வந்தவரின் கம்ப்யூட்டரில் குக்கி என்ற அடையாளத்தை வைக்கும். பிறகு தடையில்லை.

ஹம்சினி பதிவேட்டுக் கோப்பைத் திறந்தாள். முதலாளியின் கம்ப்யூட்டர் பிள்ளையார் பக்கத்தையே நூறு முறை கேட்டிருந்தது. நூறு முறையும் பிள்ளையார் பக்கத்துக்கே திருப்பி அனுப்பப்பட்டிருந்தது. தன்னுடையதில் போன வாரத்துக் குக்கி இருக்கிறது, அதனால்தான் புடவை வருகிறதா? அதை அழித்துப் பார்த்தாள். அவள் திரையும் வெள்ளையானது.

“இருந்ததையும் கெடுத்துட்டியேம்மா,” என்றார் வேதாந்தம்.

மணி பத்து பத்தொன்பது. நிரலைத் திறந்தாள். பிள்ளையார் பக்கத்துக்கு மட்டும் குக்கி இருக்கிறதா என்று சோதிக்காமல் விடச்சொல்லி அவள் எழுதிய வரியைக் காணோம். அந்த இடத்தில், ‘விதிக்கு விலக்கு கூடாது: தலைமை வடிவமைப்பாளர்’ என்று ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு. நேற்று மாலைத் தேதி.

“என்ன தாயி, தொறக்குமா தொறக்காதா?” நல்லசிவம் பின்னால் வந்து நின்றார்.

ஹம்சினி வேதாந்தத்தைப் பார்த்தாள். அவர் கேபிளைப் பார்த்தார்.

“நம்ம புரோகிராம், பிள்ளையாரைப் பாக்க வர்றவாளையே, மொதல்ல பிள்ளையாரைப் பாத்துட்டு வாங்கோன்னு திருப்பி அனுப்பறது சார். அந்தப் பக்கத்துக்கு மட்டும் விலக்கு வேணும்.”

ஒரு விலக்கு நுழைந்தால் மொத்த வடிவமைப்பும் சரியும், அமெரிக்காவில் இதையெல்லாம் அனுமதிப்பதில்லை என்று வேதாந்தம் தொடங்கினார். நல்லசிவம் கையை உயர்த்தினார்.

“எங்க ஊர்ல பிள்ளையாரைக் கும்பிட யாரும் பாஸ் கேக்க மாட்டாவ. நீரு இந்தப் பிள்ள சொல்லுதபடி செய்யும்.”

வரியைச் சேர்த்தாள். நிரலைச் சரிபார்க்கும் கம்பைலர் பிழை காட்டியது. அவசரத்தில் அரைப்புள்ளி விட்டுப்போயிருந்தது. பத்து இருபத்தைந்து. திருத்தினாள். நிரலை நிறுத்தித் திரும்ப ஓடவிட்டாள். அது எழுந்திருக்க ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டது. சாஸ்திரிகள் தீப்பெட்டியை எடுத்தார்.

பத்து இருபத்தெட்டுக்கு முதலாளியின் திரையில் முதலில் தும்பிக்கை வந்தது. பிறகு வயிறு. பிறகு புடவைகள்.

கற்பூரம் ஏற்றினார்கள். அடையாறு கிளைக்கும் இந்தப் பெண்தான் செய்ய வேண்டும் என்று நல்லசிவம் சொல்ல, இவளை இன்டர்வியூவில் தேர்ந்தெடுத்ததே தான்தான் என்று வேதாந்தம் கூடியிருந்தவர்களுக்கு அறிவித்தார்.

படியிறங்கும்போது ஹம்சினி கேட்டாள். “திங்கக்கிழமை சார்?”

“ஒம்பது மணிக்கு வந்துடு. லெட்டர் தர்றேன்.” இரண்டு படி இறங்கிவிட்டு நின்றார். “அந்த விலக்கு வரி இருக்கே, அதுக்கு மேல என் பேரைப் போட்டுடும்மா.”