விலாவில் ஒரு துளை

படகுக்குப் பின்னால் கேபிளில் கட்டி இழுத்துப் போகும் அந்தக் கருவிக்குப் பட்டறையில் வைத்த பெயர் மீன். வாலில் சுற்றும் விசிறி வேகத்தைச் சொல்லும். ஊசி நுழையும் அளவுள்ள துளை வழியே தண்ணீரின் அழுத்தம் உள்ளே போனால் ஆழம் தெரியும். இரண்டு வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு அதை வடிவமைத்தவள் குணசுந்தரி. கும்மிடிப்பூண்டியில் பம்பு வார்க்கும் அவளுடைய முதலாளியோ, "இதான் கடைசிம்மா. இன்னிக்கு ஊத்திக்கிச்சுன்னா மீனை மறந்துட்டு பம்பு வரையப் போயிடு" என்று கறாராகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

2006 மாசி. பழவேற்காட்டுக் கடலில் ஜோசப்பின் படகு. கருவியை வாங்க வந்த அதிகாரி துளசிராமன் திரையைப் பார்த்தார். வேகம் சரி. ஆழம் பூஜ்யம். கேபிளை எவ்வளவு விட்டாலும் பூஜ்யம்தான். அவர் ஃபைலை மூடினார். குணசுந்தரி ஜோசப்பிடம் திரும்பினாள்.

"ஒரே ஒரு வாட்டி தூக்குங்கண்ணா" என்றாள்.

ஜோசப் தூக்கிப் படகில் போட்டார். மீனின் விலாவைத் தடவினாள். வழவழவென்று இருந்தது. அடப்பாவிகளா, துளையையே காணோம்! பம்பு வார்ப்பில் விழும் பொத்தல்களைப் பட்டி வைத்து அடைத்து, தேய்த்து, பெயிண்ட் அடிப்பது கன்னியம்மாவின் வேலை. பதினைந்து வருடத்தில் ஒரு பொத்தலைக்கூட விட்டவளில்லை, மகராசி.

துப்பட்டா ஊக்கைக் கழற்றிக் குடைந்தாள். பட்டி பெயர்ந்து வந்தது. படகை நிறுத்தி மீனை நேராகத் தொங்கவிட்டார்கள். கேபிளில் போட்டிருந்த குறி ஏழு மீட்டர், திரையிலும் ஏழு. குணசுந்தரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"மீன் பாஸ்" என்றார் துளசிராமன். "ஆனா வரைபடத்துல துளை மூக்குல இல்ல இருக்கு? திருத்திக் குடுங்க, கையெழுத்துப் போடறேன்."

துளை மூக்கில் இருந்தபோது, படகு வேகமெடுத்தால் எதிர்த் தண்ணீர் மோதி ஆழமும் பொய்யாகக் கூடியது. அதனால் விலாவுக்கு மாற்றும்படி பட்டறையில் வாயால் சொன்னவள், படத்தைத் தொடவேயில்லை.

அதெல்லாம் வழியில் மறந்துபோனது. கன்னியம்மாவை ஒரு பிடி பிடிப்பதென்று பட்டறைக்குள் நுழைந்தாள்.

"இன்னாம்மா, மீனு நல்லா ஓடுச்சா?" கன்னியம்மா முந்திக்கொண்டாள். "வெலாவுல ஒரு பொத்தல் இருந்துச்சு. படத்துல கீதான்னு ரெண்டு வாட்டி பாத்து, இல்லன்னதும்தான் அடைச்சேன்."

குணசுந்தரிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. படத்தை விரித்து, விலாவில் சிவப்பு வட்டம் போட்டு, "தப்பு என்னுதுக்கா" என்றாள்.

கன்னியம்மா குனிந்து பார்த்தாள். "இத்த அன்னிக்கே போட்டிருந்தா எனக்கு ஒரு வேலை மிச்சம்."