தலையீத்துக் கிடேரியும் ஆறு மணி நேரமும்

வெர்லின் ஹாக்ஸ்டாட்டுக்கு இடுப்பு கழன்று விழுவது போல் இருந்தது. இருபது வருஷம் தானியக் கிடங்கில் மூட்டை தூக்கித் தேய்ந்த எலும்பு. போதாததற்குப் போன வாரம் ஆற்றில் வெள்ளம் வந்து மூன்று நாள் மணல்மூட்டை அடுக்கியிருந்தான். மாவட்ட வாரியக் கூடத்தின் மரநாற்காலியில் ஒருக்களித்து உட்கார்ந்துகொண்டான்.

மினசோட்டாவின் அந்த மூலையில் திட்டம் தொடங்கி இரண்டு வருஷம் ஆகிறது. குடித்துவிட்டு வண்டி ஓட்டியவன், போலிக் காசோலை கொடுத்தவன், கைகலப்பில் இறங்கியவன், இப்படிப்பட்டவர்களை நீதிபதி சிறைக்கு அனுப்பாமல் வெர்லினிடம் அனுப்புவார். இத்தனை மணி நேரம் ஊருக்கு உழைக்க வேண்டும் என்பது தண்டனை. அன்றாடம் சீட்டில் நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போடுவது வெர்லினின் வேலை. திட்டத்தை நீட்டிப்பதா, அந்தப் பணத்தில் சிறைக்குப் புது அறைகள் கட்டுவதா என்று இன்று ஐந்து உறுப்பினர்கள் வாக்களிக்கிறார்கள். தோற்றால் அவனிடம் இருக்கும் ஒன்பது பேரும் திங்கட்கிழமை கம்பிக்குள் போவார்கள்.

உறுப்பினர்களில் ஒருவரான இரும்புக்கடை ஹெட்டிங்கர் ஒரு சீட்டைத் தூக்கிக் காட்டினார்.

"வியாழக்கிழமை. ஆர்லன் ஓக்கர்லண்ட், எட்டு மணி நேரம். உங்க கையெழுத்துதானே?"

"என்னுதுதான்."

"பத்து மணிக்கே அவன் வண்டி என் கடையத் தாண்டி வீட்டுப் பக்கம் போச்சு. நான் பாத்தேன்."

பக்கத்திலிருந்த திட்ட அதிகாரி லோர்னா டெய்க்கின் பேனா நின்றுவிட்டது. "நிதானமா பேசுங்க," என்றாள் மெதுவாக. வெர்லின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

"சரியாத்தான் பாத்திருக்கீங்க. ரெண்டு மணி நேரந்தான் செஞ்சான். மாடு கன்னு போட முடியாம கெடக்குன்னு அவன் பொண்டாட்டி சொல்லி அனுப்பினா. போடான்னு நான்தான் அனுப்பினேன். மீதிய அப்புறம் செஞ்சு குடுத்துடுவான்னு எட்டுன்னே போட்டுட்டேன்."

அறுவடைக்கு ஒருவர் வயலில் ஒருவர் இறங்கும் ஊர் அது. யார் யாருக்கு எத்தனை நாள் உழைக்க வேண்டும் என்பதை எவரும் காகிதத்தில் எழுதியதில்லை. வாய்ச்சொல்லே போதும். இது நீதிபதிக்குப் போகும் காகிதம் என்பது அன்று அவனுக்கு உறைக்கவில்லை.

நாற்பது மாடு கறக்கும் இன்னொரு உறுப்பினர் எமில் பிரெக்கி மேசையில் முழங்கையை ஊன்றினார்.

"மாடா, கிடேரியா?"

"தலையீத்துக் கிடேரி. கன்னோட பின்னங்கால் மொதல்ல வந்திருந்துச்சு."

"கன்னு?"

"பொழச்சுது. காளைக்கன்னு."

"பால்மாட்டுக்காரன் வீட்டுல காளையா? அதுக்கா இவ்ளோ பாடு?"

கூடம் சிரித்தது. ஹெட்டிங்கர் சிரிக்கவில்லை. "பொய்க்கையெழுத்து, எமில். கன்னுக்குட்டி கதை இல்ல."

"பொய்தான்," என்றான் வெர்லின். "இனிமே செஞ்சதத்தான் எழுதுவேன். ஆனா மத்த கணக்கையும் பாருங்க. இப்ப இருக்கற ஒம்போது பேருக்கு முன்னால நாப்பத்தொரு பேர் வந்தாங்க. முப்பத்தெட்டு பேர் முடிச்சாங்க. மூணு பேர் ஓடிட்டாங்க, அதையும் எழுதித்தான் வச்சிருக்கேன். போன வாரம் என் ஆளுங்க அடுக்கின மணல்மூட்டை உங்க கடைக்குப் பின்னாலதான் இருக்கு. தண்ணி உள்ள வந்துச்சா?"

ஹெட்டிங்கர் சீட்டை மடித்தார். "வரல."

பிறகு அவரே ஒரு நிபந்தனை வைத்தார்: ஆர்லன் விட்ட நேரத்தைச் செய்ய வேண்டும், பொய் எழுதியவனும் அதே அளவு சம்பளமில்லாமல் செய்ய வேண்டும். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அப்படியும் ஹெட்டிங்கர் எதிர்த்தே வாக்களித்தார். மூன்றுக்கு இரண்டு, திட்டம் தப்பியது.

வெளியே ஆர்லன் சாணி அப்பிய காலணியோடு வண்டியில் சாய்ந்து நின்றான்.

"என்னாச்சுங்க?"

"பொழச்சோம். சனிக்கிழமை காலைல ஏழு மணிக்கு வந்துடு. கல்லறைத் தோட்டத்து வேலி. நானும் குழி தோண்டணும்."

"இந்த இடுப்ப வச்சுக்கிட்டா?"

"உன் காளைய ஓட்டிட்டு வா. அதுவாவது தோண்டட்டும்."

லோர்னா பின்னாலேயே வந்து இரண்டு புதுச் சீட்டுகளை நீட்டினாள். ஒன்றில் அவன் பெயர். கையெழுத்துப் போடும் இடத்தில் இந்த முறை அவள் பெயர். வெர்லின் இரண்டையும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். மாவட்டத்துக்கு ஆர்லன் ஆறு மணி நேரம் பாக்கி. வெர்லினும் ஆறு மணி நேரம் பாக்கி.