கூட்டாத இடம்

லொறியின் பின்தட்டில் புருஷனின் தலைமாட்டில் உட்கார்ந்து, வளைவு வரும்போதெல்லாம் தலை உருண்டுவிடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள் வேலாயி. கண்டியிலிருந்து ஹந்தானைக்கு ஏறும் பாதையில் வளைவுக்கா பஞ்சம்? எழுபத்து நாலாம் ஆண்டில் அரிசிக்குப் பஞ்சம், மாவுக்குப் பஞ்சம், மண்ணெண்ணெய்க்குப் பஞ்சம். வளைவு மட்டும் வேண்டிய மட்டும் இருந்தது.

காலையில் எழுந்து தேத்தண்ணீர் குடித்து, அவள் அடுப்பு ஊதுவதைக் கேலி செய்துவிட்டு வேலையில் குந்திய மனுசன் ராஜலிங்கம். டிராக்டர் இஞ்சினின் கிராங்கைத் தூக்கி அதன் இடத்தில் வைக்கப் போனவர், வைக்காமலே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். காரில் ஏற்றும்போதுகூடப் பேச்சு இருந்தது. அவள் பெயரைச் சொன்னார். ஏதோ சொல்லப்போகிறார் என்று குனிந்தாள்.

"வேலாயி, அந்தப் பக்கம் கூட்டிராத" என்றார். அதோடு சரி. ஆஸ்பத்திரி வாசலில் உயிர் இல்லை.

முப்பது வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு விட்டுப்போன வார்த்தை அதுதானா என்று அவளுக்கு ஆத்திரமாகத்தான் வந்தது. ஆனால் அந்த வார்த்தையின் பெறுமதி அவளுக்குத் தெரியாமல் இல்லை.

ராஜலிங்கம் தோட்டத்து ஃபெக்டரியில் இஞ்சின் பார்த்தவர். அரசாங்கம் தோட்டத்தை எடுத்ததும், இந்தியாவுக்குப் போக எழுதிக் கொடுத்தவர்களின் பெயர்களை முதலில் வேலைப் பதிவிலிருந்து வெட்டினார்கள். அந்தக் காலத்தில் யாரோ சொன்னார்கள் என்று எல்லோரோடும் சேர்ந்து எழுதிக் கொடுத்திருந்தார் அவர். வேலாயியின் தாத்தா கண்டிச்சீமைக்கு நடந்து வந்தவர். அவள் பிறந்தது இந்த லயத்து வரிசை வீட்டில். கடலை அவள் கண்ணால் கண்டதில்லை. மகள் பாலம்மாவைக் கட்டியவன் இந்த நாட்டுப் பிரஜை, அதனால் அவள் இங்கேதான். தாயும் தகப்பனும் தலைமன்னாரில் கப்பல் ஏற வேண்டும். மகளுக்கு இப்போது மாசம் ஏழு.

பெயரை வெட்டிய நேரத்தில்தான் ஊருக்குக் கிளம்பிய வெள்ளைக்காரத் துரை, ஃபெக்டரிக்குப் பின்னால் துருவேறிக் கிடந்த டிராக்டரை ராஜலிங்கத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனார். ஓடாத வண்டியைத் தானம் கொடுப்பதில் துரைமார் எப்போதும் தாராளம். அவர் அதைக் காமதேனு கிடைத்த மாதிரி லயத்துக்கு இழுத்து வந்து பலாமரத்தடியில் நிறுத்தினார். மழைக்கும் கள்ளனுக்கும் பயந்து, இஞ்சினை மட்டும் அக்கு அக்காகக் கழற்றி முன்காம்பராவுக்குள் கொண்டுவந்தார். அன்றிலிருந்து அந்த அறையில் மனுசர் காலை நீட்டியதில்லை.

எதிரே சாக்கின் மேல் உட்கார்ந்திருந்த ஜமால்தீன் தொண்டையைச் செருமினார். தெல்தெனியாவில் கராஜ் வைத்திருப்பவர். ராஜலிங்கத்தோடு ஒன்றாகத் தொழில் பழகியவர். வேலாயிக்கு அவர் நானா, அண்ணன் முறை. சேதி கேட்டதும் லொறியோடு வந்துவிட்டார்.

"தங்கச்சி, இந்த நேரத்துல சொல்றதுக்கில்ல. ஆனா சொல்லாட்டி ஒங்களுக்கு மனசு கெடந்து தவிக்கும். இஞ்சின் வேல முடிஞ்ச மாதிரித்தான் ஈக்கி. போன கெழம வந்து பாத்தன். சாமான் எல்லாம் அவர் வச்ச வரிசையிலேயே ஈக்கிதானே?"

"அப்படியேதான் இருக்கு, நானா. நான் கிட்டப் போறதே இல்ல."

"அது போதும். எடுத்து எடுத்துப் பூட்டுறதுதான் மிச்சம். நான் வந்து செஞ்சி தாரன். ஒரு டிரைவரப் போட்டு வயல் உழ உடுவம். கராஜுக்குப் பின்னால அறை சும்மாதான் கெடக்கு. வருமானமும் தங்க எடமும் ஈந்தா நீங்க கப்பல் ஏறத் தேவையில்ல."

வேலாயியின் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று மெல்ல எழுந்து உட்கார்ந்தது. செத்த மனுசனின் தலையைக் கையில் வைத்துக்கொண்டு சந்தோஷப்படுகிறோமே என்று வெட்கமாக இருந்தது. அவர் முகத்தைப் பார்த்தாள். விட்டுப்போன வார்த்தை சரியான வார்த்தைதான் என்று இப்போது பட்டது.

அந்த வருஷம் நாட்டுக்குள் புதுச் சாமான் வருவதில்லை. காசு இருந்தாலும் கடையில் கையை விரித்தார்கள். அதனால் ராஜலிங்கம் பழைய சாமானையே திருத்தினார். தேய்ந்த பேரிங் ஒவ்வொன்றுக்கும் பித்தளையில் கடதாசி மாதிரி மெல்லிய தகடு வெட்டி, பின்னால் வைத்துப் பார்ப்பார்; இறுக்கமாக இருந்தால் எடுத்துச் சுரண்டுவார்; மறுபடி வைப்பார். வால்வு ஒவ்வொன்றையும் அதனதன் வாயில் வைத்து நாள்கணக்கில் அரைத்தார். பலாப்பலகை ஒன்றில் வரிசையாகத் துளை போட்டு, எந்தத் துளையில் எந்த வால்வு என்று குத்தி வைத்தார். தகடுகளை அந்தந்தப் பேரிங் மூடிக்குப் பக்கத்தில் தரையிலேயே பரப்பினார். "ஒன்னோட எடத்துல இன்னொன்னு போச்சுன்னா அம்புட்டுத்தான், பத்து மைல் ஓடாது" என்பார். வேலாயி மாசக்கணக்காகச் சுவரோரம் மட்டும் கூட்டினாள். விளக்குமாறு தானாகவே அந்த நடு இடத்தைச் சுற்றிக்கொண்டு போகப் பழகிவிட்டது.

"வேலாயிக்குச் சக்களத்தி வந்துட்டாடி, அதுவும் எண்ணெ முழுகிட்டு வந்திருக்கா" என்று அடுத்த காம்பரா ராக்கம்மா சொல்லிச் சிரிப்பாள்.

லொறி லயத்து முனையில் நின்றதும் அழுகைச் சத்தம் எழுந்தது. பாலம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். தகப்பனின் காலைக் கட்டிக்கொண்டு கதறியவளை ராக்கம்மாதான் பிரித்தெடுத்தாள். ஆண்கள் உடலைத் தூக்கிக்கொண்டு போனார்கள். வேலாயி பின்னால் போய் வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் கால் வைத்தாள், உள்ளே பார்த்தாள்.

முன்காம்பரா அவ்வளவு பெரியது என்பதையே அவள் மறந்திருந்தாள். சிமெந்துத் தரை ஈரத்தில் மினுங்கியது. நடுவில் புதுப்பாய். தலைமாட்டில் குத்துவிளக்கு. ஒரு ஆணிகூடத் தரையில் இல்லை. பெரிய இரும்புப் பாகத்தைப் பின்னால் தள்ளிச் சாக்குப் போட்டு மூடியிருந்தது. மூலையில் தண்ணீர் அண்டா. அதற்குள் ஒரு குவியல், கழுவித் துடைத்துப் பளபளவென்று.

"அப்பாவ வைக்க எடம் வேணும்லம்மா" என்றாள் பாலம்மா மூச்சு வாங்க. "பெரிசத்தான் ஆம்பளைங்க தள்ளினாங்க. மத்தத யாரையும் தொட விடல. நானே ஒன்னொன்னாச் சவுக்காரம் போட்டுக் கழுவி அண்டாவுல போட்டேன். அப்பா சாமான், ஒன்னுகூடத் தொலையக் கூடாதுன்னு. சின்னச் சின்னத் தகரத் துண்டு கொஞ்சம் கெடந்திச்சு. அது குப்பைதானே, கூட்டிக் கானுல தள்ளிட்டேன்."

வேலாயி வால்வு குத்தியிருந்த பலகையைக் கண்ணால் தேடினாள்.

"பலகை?" என்று மட்டும் கேட்டாள்.

"வெறகெல்லாம் ஈரம்மா. அப்பாவுக்குப் பச்சத் தண்ணி ஆகாதே. அதப் பொளந்துதான் தண்ணி காய வச்சேன்."

வெளியே கான் வாய்க்காலில் மலைத்தண்ணீர் சலசலவென்று ஓடிக்கொண்டிருந்தது. அது லயத்தைத் தாண்டி, தேயிலையைத் தாண்டி, எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது.

மகளின் கையைப் பார்த்தாள் வேலாயி. சவுக்காரத்தில் ஊறி விரல் நுனிகள் சுருங்கியிருந்தன. நகக்கண்ணில் கறுப்பு எண்ணெய். ஏழு மாச வயிற்றோடு குந்தியிருந்து தேய்த்த கை.

"நல்லாச் செஞ்சிருக்க" என்றாள்.

பின்னாலேயே வந்த ஜமால்தீன் அண்டாவைப் பார்த்துவிட்டார். குனிந்து ஒரு வால்வை எடுத்தார். அதை வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தார். எது எந்த வாய்க்கு என்று ஒரு அடையாளமும் இல்லை.

"யா அல்லாஹ், இத ஆரு..." என்று திரும்பினார்.

வேலாயி அவரைப் பார்த்தாள். அவ்வளவுதான், பார்த்தாள். ஜமால்தீன் பாலம்மாவைப் பார்த்தார், அவள் வயிற்றைப் பார்த்தார், வால்வைச் சத்தம் வராமல் உள்ளே வைத்தார்.

"இத ஆரு கழுவினாலும், நல்லா ஈக்கி மகள்" என்றார்.

ராஜலிங்கத்தைக் குளிப்பாட்டும்போது பாலம்மா செம்பில் மொண்டு கொடுத்தாள். வேலாயி ஊற்றினாள். தண்ணீர் இதமான சூட்டில் இருந்தது. அவர் எத்தனை ராத்திரி உட்கார்ந்து துளை போட்ட பலகை. அந்தச் சூட்டை வீணாக்காமல் தலையிலும் தோளிலும் நெஞ்சிலும் பார்த்துப் பார்த்து ஊற்றினாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது; வந்தது நிற்கவில்லை. புருஷனுக்காக அழுகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அதுவும் பொய்யில்லை.

அடுத்த நாள் தப்புச் சத்தம் முன்னே போக, ஆண்கள் பாடையைத் தூக்கினார்கள். புறப்படும் முன் ஜமால்தீன் பலாமரத்தடியில், இஞ்சின் இல்லாமல் வாயைப் பிளந்து நின்ற டிராக்டருக்குப் பக்கத்தில் அவளிடம் வந்தார்.

"தங்கச்சி, தகடு போனது போனதுதான். எந்த அளவுல வெட்டினார்னு அவர் கைக்குத்தான் தெரியும். புதுச் சாமான் எறங்கினா..."

"எப்ப எறங்கும் நானா?"

அவர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

"அவளுக்கு மட்டும் தெரிய வேணாம்" என்றாள் வேலாயி. "நான் போன பொறகும்."

தப்புச் சத்தம் தேயிலைக்குள் இறங்கித் தேய்ந்தது. பெண்கள் வீடு கழுவத் தண்ணீர் கொண்டுவரப் பீலிக்குப் போனார்கள். காம்பராவில் தாயும் மகளும் மட்டும் இருந்தார்கள்.

"ஜமால்தீன் மாமா இஞ்சினப் பூட்டிக் குடுப்பாருதானேம்மா?" என்றாள் பாலம்மா. அழுது அழுது குரல் கம்மியிருந்தது. "லொறியில அப்படிச் சொன்னாருன்னு கூட வந்தவங்க சொன்னாங்க. அப்ப நீ போகத் தேவையில்லதானே? எம் பிள்ளப்பேத்துக்கு இருப்பதானே?"

"மொதல்ல நீ செவுத்துல சாஞ்சு ஒக்காரு. நேத்துலருந்து நின்னுக்கிட்டே இருக்க."

வேலாயி விளக்குமாற்றை எடுத்தாள். உதிர்ந்த பூவும் அரிசியும் அறை முழுக்கக் கிடந்தன. மூலையில் தொடங்கி, சுவரோரமாக வந்து, திரும்பி, மறுசுவரோரமாகக் கூட்டிக்கொண்டு வாசல்வரை வந்தாள்.

"அம்மா, நடுவுல கூட்டாம விட்டுட்டியே" என்றாள் பாலம்மா.

வேலாயி குப்பையை இஸ்தோப்புக்குத் தள்ளிவிட்டு, விளக்குமாற்றைச் சுவரில் சாத்தி வைத்தாள்.