அறுபது சதவீதம்

"மய்யித்தக் குளிப்பாட்டத் தூக்கியாச்சு. எங்கன கபுர் வெட்டச் சொல்ல? ஒரு வார்த்த சொல்லுளா!"

வாசலில் தேங்கிய மழைத் தண்ணீரில் நின்று அலி அஸ்கர் கத்தினான். அவன் தங்கை அஸீலா மடிக்கணினியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. வாப்பா மவுத்தான வீட்டில் மகள் யாசீன் ஓதாமல் பெட்டியைத் தட்டிக்கொண்டிருக்கிறாளே என்று வந்திருந்த பெண்கள் முக்காட்டுக்குள் முணுமுணுத்தார்கள். அவர்களுக்கென்ன, வாய் வலிக்கவா போகிறது?

வாப்பா மீரா முகைதீன் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தார். "என்னைய உங்க உம்மா பக்கத்துல வைங்க." உம்மா கிடப்பது ஆற்றங்கரைக் கபுர்ஸ்தானில். போன வெள்ளத்தில் அங்கே கீழ்வரிசைக் கபுர்கள் வாய் பிளந்துபோயின. சேறு அப்பிய கஃபன் துணிகளைக் கையால் எடுத்து மறுபடி மூடியவர்களில் அலி அஸ்கரும் ஒருவன். அதன்பிறகு பல நாள் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. மேட்டுப் பள்ளிவாசல் கபுர்ஸ்தானில் அந்தப் பயம் கிடையாது. ஆனால் ஒருமுறை அடக்கினால் அடக்கியதுதான். தோண்டி மாற்றுகிற பேச்சே இல்லை. மழை விடட்டும் என்று மய்யித்தைப் போட்டு வைத்திருக்கவும் கூடாது.

அஸீலாவுக்குப் பிழைப்பே இதுதான். புனேயில் உட்கார்ந்து கடலையும் காற்றையும் கட்டம் கட்டமாக வெட்டிக் கணினிக்குள் ஓடவிட்டு, நாளைய மழையை இன்றைக்கே பெய்ய வைக்கிற வேலை. தொடக்கத்தைத் துளித்துளி மாற்றி ஒரே கணக்கைப் பலமுறை ஓட்டுவார்கள். மன்னார் வளைகுடாவில் நின்ற காற்றழுத்தத் தாழ்வு சில ஓட்டங்களில் மலையில் முட்டிக் கொட்டித் தீர்த்தது. சிலவற்றில் சத்தமில்லாமல் மேற்கே கடந்துபோனது. அவளுடைய கட்டங்களுக்குப் பொதிகை மலையே ஒரு சின்ன மேடுதான். அசல் மலை எவ்வளவு மழையைப் பிடித்து இறக்கும் என்று அவை சரியாகச் சொல்லாது.

"வெள்ளம் வர அறுபது சதவீதம் வாய்ப்பிருக்கு, காக்கா."

"வாப்பாவ அறுபது சதவீதம் மேட்டுலயும் நாப்பது சதவீதம் உம்மா பக்கத்துலயுமா வைக்க முடியும்? வருமா, வராதா?"

இப்படி ஒரு கேள்வியை அவளிடம் எந்த ஆய்வுக் கூட்டத்திலும் யாரும் கேட்டதில்லை. வாப்பாவின் கஃபன் சேற்றில் மிதப்பதைக் கண்ணெதிரே கண்டதுபோல் பதறினாள்.

"வரும். மேட்டுல வைங்க."

வேறு யார் சொல்லியிருந்தாலும் அவன் சண்டைக்குப் போயிருப்பான். படித்தவள் சொல்லிவிட்டாள். மய்யித்தை வைத்த சந்தூக்குப் பெட்டியைத் தூக்கியபோது அஸீலா நிலைவாசல் வரைதான் போக முடிந்தது. "உம்மாட்ட நான் சொல்லிக்கிடுதேன், வாப்பா," என்று அழுதாள்.

அடக்கிவிட்டு ஆண்கள் திரும்பியபோது மழை தூறலாகியிருந்தது. அசர் தொழுகைக்குப் பிறகு அதுவும் நின்றது. புதிய ஓட்டங்கள் வந்தன. எல்லாம் பேசி வைத்ததுபோல் ஒன்றையே சொல்லின: தாழ்வு லட்சத்தீவுப் பக்கம் போய்விட்டது, இனி இங்கே மழை இல்லை.

அஸீலா மொட்டை மாடிக்கு ஓடினாள். மேகத்தைப் பார்த்துக் கெஞ்சினாள். மலைப்பக்கம் இருட்டட்டும், அணை நிரம்பி வழியட்டும், ஆறு கரையை உடைக்கட்டும். கீழத்தெருச் சனங்கள் சட்டிபானையோடு தெருவில் நிற்பார்கள் என்பது அவளுக்குத் தெரியாததா? தெரிந்தேதான் கேட்டாள். உம்மாவுக்குப் பக்கத்தில் காலியாகக் கிடக்கும் அந்த இடத்தின்மேல் ஆளுயரத் தண்ணீர் ஓட வேண்டும். அப்படி ஓடினால் உம்மாவும் போய்விடுவாளே என்று பிறகுதான் உறைத்தது. அப்போதும் அவள் வாய் ஓயவில்லை. மேற்கே வெயில் எட்டிப் பார்த்தது.

அலி அஸ்கரின் மனைவி நஃபீஸத் ஈரத்துணியோடு படியேறி வந்தாள்.

"மாமா படுத்திருந்த விரிப்பு. ஒரு முனையப் பிடி, உதறிப் போடுவோம்."

இருவரும் உதறிக் கொடியில் போட்டார்கள். நஃபீஸத் வானத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"மழ வந்திராதுல்லா, அஸீலா?"

"வராது, மைனி."

நஃபீஸத் தன் பக்கம் கிளிப்பை மாட்டினாள். அஸீலா தன் பக்கத்து முனையை இறுகப் பிடித்தபடி நின்றாள்.

"விடுளா, காயட்டும்," என்றாள் மைனி.